சிவந்த சுருள்களை நீக்காதீர்கள்

மேடையில் வீற்றிருக்கும் ஆய்வுக்கூடத் தலைவர் அவர்களே, துறைத் தோழர்களே, முதல் வரிசையில் கண்ணீரோடு அமர்ந்திருக்கும், மறைந்த எங்கள் சுருளக்காவின் கணவரே, மகளே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் அக்காவைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். பொறுமையா? பக்கத்து மேசைக்காரனான எனக்குத் தெரியாதா? படத்தை அரைகுறையாகப் பார்த்து முடிவு சொல்பவர்களைக் காய்ச்சி எடுத்துவிடுவார். "கண்ணு மூஞ்சிலதான இருக்கு? நல்லா பாத்துட்டு சொல்லு" என்பார். அந்தக் கோபத்தைத்தான் நான் வணங்குகிறேன்!

அவர் செய்த வேலை என்ன? தொலைநோக்கிப் படங்களில் விண்மீன் மண்டலங்களின், அதாவது கேலக்ஸிகளின், நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து, அவை எப்படி மாறி வந்தன என்று சொல்வது. புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தால் மண்டலம் நீலம். பிறப்பு நின்றுபோனால் சிவப்பு. சுருள் வடிவங்கள் பெரும்பாலும் நீலம், உருண்டைகள் பெரும்பாலும் சிவப்பு. அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்காக அவர் கடைசிவரை சண்டை போட்டாரே, அதை இங்கே யாராவது சொன்னீர்களா?

சிவந்த சுருள்களை அவர் கண்டார். நம் கணினியிலோ ஒரு விதி: சுருள் சிவப்பாக இருந்தால் அது பிழை, பட்டியலிலிருந்து நீக்கிவிடு! அந்த விதியைப் போடச் சொன்னவர் தலைவர். அக்கா போய்க் கேட்டபோது நானும் உடன் நின்றேன்.

"அது தூசிம்மா. தூசி மறைச்சா எல்லாம் செவப்பாத்தான் தெரியும்."

"தட்டைப் பக்கவாட்டுல பாக்கற மாதிரி தெரியறதுக்குத்தான் சார் அந்தத் தூசித் தொல்லை. நான் எடுத்ததெல்லாம் நம்மளப் பாத்து நேரா நிக்கிறது. கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தாரா? "சுருளக்கா" என்று கேலி செய்து அனுப்பினார். அக்கா அந்தக் கேலியையே பட்டமாக வைத்துக்கொண்டார்.

மோதிச் சிதைந்தால்தான் ஒரு மண்டலத்தில் பிறப்பு நிற்கும் என்று நினைத்திருந்தோம். இல்லை, வடிவம் குலையாமலே, விண்மீன் பிறக்கத் தேவையான வாயு தீர்ந்து நின்றுபோகலாம் என்று அந்தச் சுருள்கள் காட்டுகின்றன. அதையா பிழை என்கிறீர்கள்?

சற்றுமுன் தலைவர் அறிவித்தார்: அடுத்த வாரம் வெளியாகும் மண்டலப் பட்டியலுக்கு அக்காவின் பெயராம். கைதட்டினீர்கள்! ஐயா, அந்த விதி இன்னும் அப்படியே இருக்கிறதே! அவர் பெயர் அட்டையில், அவர் கண்டவை குப்பையிலா? இதற்குப் பெயர் மரியாதையா?

அறிவிப்பைக் கேட்டதும் அவர் மகள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அம்மா பேரு வேணாம் மாமா. அம்மா பாத்தத வைக்கச் சொல்லுங்க."

தலைவர் அவர்களே, பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு என்னுடையது. அந்த விதி போகும்வரை கையெழுத்து இட மாட்டேன். என்னை வேலையை விட்டு அனுப்பலாம். ஆனால் என் இடத்துக்கு வரக்கூடியவர்கள் எல்லோரும் அதோ, பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டுவிட்டேன். அவர்களும் இட மாட்டார்கள்!