பொம்மர் வாங்குகிறவரின் அம்மா

"ஹலோ... ஹலோ... ஓம், ஓம், அண்ணன்தான் கதைக்கிறன். கேக்குதோ?... இல்லையடா, ஒருத்தரும் சாகேல்லை. நீ முதல்ல மூச்சை விடு."

சமாதானம் வந்து மூன்றாம் வருடம். கிளிநொச்சியில் ஒரு தொலைபேசிக் கடை. செல்வநாயகம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். பக்கத்துக் கதிரையில் அம்மா இராசமலர், கொழும்புப் பயணத்துக்கென்று உடுத்த சேலை கசங்கியபடி. போர்க்காலத்தில் பொம்மர் விமானம் குண்டு போட்ட ஒரு காலையோடு அவருக்கு இடது காது போய்விட்டது, வலதும் அரைவாசிதான். அதனால் லண்டனில் ஒரு விமானக் கம்பனிக்குப் பிளேன் தெரிந்து வாங்கும் வேலையில் இருக்கும் சின்னவனோடு கதைப்பது எப்போதும் பெரியவனின் வேலை.

"அம்மாவின்ர விசாவோ?... கிடைக்கேல்லை... மறுக்கேல்லையடா, நாங்கள் போய்ச் சேரவேயில்லை... கத்தாதை. எல்லாம் உன்னாலதான்... ஓம், உன்னாலதான்! சோதனைச் சாவடியில ஆமிக்காரர் பஸ்ஸை மறிச்சு, லண்டனில மகன் என்ன வேலை எண்டு கேட்டாங்கள். சும்மா கேட்டது. கடையில நிக்கிறான் எண்டிருந்தால் முடிஞ்சுது. அம்மா நெஞ்சை நிமித்திக்கொண்டு, என்ர மகன் பொம்மர் வாங்கிறவர் எண்டு சொல்லிப்போட்டா... சிரிக்காதை... அவாவுக்கு மேல பறக்கிறதெல்லாம் பொம்மர்தானே. வேற என்னடா பறந்தது எங்களுக்கு மேல?... பிறகென்ன, பொழுதுபடும்வரை மரத்துக்குக் கீழ வைச்சு விசாரணை. எத்தினை வாங்கிறவர், ஆருக்கு வாங்கிறவர், எங்க இறக்கிறவர்... நானும் விளங்கப்படுத்தினனான். என்ர சிங்களத்தில பிளேனுக்குக் கிட்ட வாற சொல்லு பஸ் ஒண்டுதான். ஆகாசத்தில ஓடுற பஸ் எண்டன். அதுக்குப் பிறகுதான் தங்கட பெரிய அதிகாரியைக் கூப்பிட்டாங்கள்."

அம்மா மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டாங்கள், விட்டாங்கள்... ஆனால் விசாக் கந்தோர் சொன்ன நேரம் போச்சு. இனி அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டாவாம். அதால நீ வா... ஹலோ? லைன் போயிட்டுதோ?... ஓ, நிக்கிறியோ."

"என்ன?... பிளேன் தெரிவு முடியட்டுமோ? போன வருசமும் இதைத்தானே சொன்னனீ... சரி, சொல்லு. ஓம்... ஓம்... ஒண்டுக்கு நாலு எஞ்சின், மற்றதுக்கு ரெண்டு. ரெண்டெண்டால் எண்ணெய் குறையக் குடிக்கும், ஓம், அது என்ர மினிபஸ்ஸுக்கே தெரியும்... நாலு எஞ்சின் உங்களிட்ட ஏற்கெனவே நிக்கிற இனமோ? ஓட்டுறவைக்குப் புதுசாப் படிப்பிக்கத் தேவையில்லை, என்ன... நானும் அதுக்காகத்தான் பழைய இனத்தையே திருப்பி வாங்கினனான். பிரேக் பிடிக்காது. ஆனால் எப்பிடிப் பிடிக்காதெண்டு எனக்குத் தெரியும்."

"நடுக்கடலில ஒரு எஞ்சின் நிண்டால்?... மற்றதோடயே கரை சேருமோ? கெட்டிக்காரப் பிளேன்... சத்தமும் குறைவோ? ராவில வீடுகளுக்கு மேல போனாலும் சனம் முழிக்காதோ?... நல்லது, நல்லது... டேய் ஜனகன், சீற் எத்தினை போடலாமெண்டு வருசக்கணக்கா எண்ணுறாய். அதில ஒண்டில நீ இருந்து வந்தால் என்ன?... பொறு, அம்மா சுரண்டுறா."

அவர் குனிந்து அம்மாவின் வலது காதுக்குள் கத்தினார்: "ரெண்டு பிளேனாம்! ஒண்டு சத்தமாம், மற்றது சத்தமில்லையாம்!" அம்மா விரலை நீட்டி எதையோ அழுத்திச் சொன்னார். செல்வநாயகத்துக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"தம்பி... சத்தம் போடுறதையே வாங்கட்டாம்... ஏனோ? சத்தமில்லாமல் வந்தால் கீழ நிக்கிற சனம் எப்பிடிப் பங்கர்க் குழிக்குள்ள ஓடுறதாம்."

"...ஓம், உங்கட கந்தோரில கீழ நிக்கிறவையைக் கேக்கிறேல்லைத்தான். ஆனால் அவா தெரிஞ்செடுத்துத் தந்திட்டா. இனி லீவைக் கேள்... சித்திரை ஏலாதோ? ஆவணி?... பாப்பமோ? என்னத்தையடா பாக்கிறது? பிளேன் ஓடர் குடுத்திட்டு வருசக்கணக்காக் காத்திருக்கலாம், அம்மாவை வைச்சுக்கொண்டு—"

'டொக்' என்றது. பிறகு நீளமான கூவல் மட்டும். அறுந்ததா, அறுத்தானா, தெரியவில்லை. என்னவாம் என்று அம்மாவின் கண் கேட்டது.

செல்வநாயகம் ரிசீவரை வைக்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"ஓம், ஓம்... ஆவணியிலயோ?... சத்தம் போடுறதிலயே வாறியோ? சரி தம்பி, சொல்லுறன்... ஓமடா, சந்தோசப்படுறா... வைக்கட்டே?... இல்லையில்லை, நீ முதல்ல வை."