மைனியைத் தூக்கிவந்த விவரம்

1942 ஏப்ரல் மாதம், மதராஸ், அடையாறு போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் முன்னிலையில் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் புஷ்பம். வயது முப்பத்தேழு. கணவர் பெயர் சுயம்புலிங்கம். சொந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா திசையன்விளை. தற்சமயம் தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் பித்தளை, வெண்கலப் பாத்திரக்கடை வைத்து, கடையின் பின்கட்டிலேயே குடியிருக்கிறோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். என்மேல் கொடுத்திருக்கும் புகாரை வாசித்துக் காட்டினார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதியை நான் மறுக்கவில்லை.

பங்கஜம் என்பவர் என் கணவரின் அக்காள். நான் மைனி என்று கூப்பிடுவேன். புருஷன் காலமான பிறகு எங்களோடு இருக்கிறவர். கடையை நடத்தியது அவர்தான், என் கணவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவே. போன தை மாதம் மைனிக்குப் பாரிசவாயு வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அறிவு போகவில்லை, எல்லாம் தெரியும். மெல்ல முடியாது. கஞ்சியைச் செம்பில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட வேண்டும். அந்தச் செம்பு அவருடையது. வேறு எதில் கொடுத்தாலும் வாயை இறுக்கிக்கொள்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை ஏசிய வாய் அது. அது சும்மா கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்படி இருக்கையில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே கிளம்பியது. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடந்தது. என் கணவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழும்பூரில் ரயில் ஏறினார். ஜன்னல் வழியாகத்தான் பிள்ளைகளை உள்ளே தள்ளினோம். மைனியை அந்தக் கூட்டத்தில் ஏற்றினால் ஊர் போய்ச் சேரமாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நல்ல நர்சிங் ஹோமாகப் பார்த்து மைனியைச் சேர்த்துவிட்டு நான் பின்னால் வருவது என்று பேச்சு. ரயில் போய்விட்டது. பிள்ளைகள் ஒரு திசை, மைனி ஒரு திசை, நடுவில் நான் ஒருத்தி.

அதன் பிறகு நான் மூன்று இடங்களை நேரில் போய்ப் பார்த்தேன். யார் சொன்னதையும் நம்பிச் சேர்க்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பனகல் பார்க்குக்குப் பின்னால் உள்ளது. மெத்தை சுத்தம், நர்ஸ் மரியாதையாகப் பேசினாள். ஆனால் நடக்க முடியாதவர்கள் எல்லாரும் மாடியில். குண்டு வருகிறதென்று எச்சரிக்கைச் சங்கு ஊதினால் எப்படிக் கீழே இறக்குவீர்கள் என்று கேட்டேன். அந்த நர்ஸ் மேலே கையைக் காட்டினாள். கடவுளைக் காட்டினாளா, குண்டு வரும் வழியைக் காட்டினாளா என்று தெரியவில்லை. வந்துவிட்டேன்.

இரண்டாவது, மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு சந்தில் உள்ளது. ஓட்டு வீடு. உள்ளே நுழைந்ததும் புகை. சுவரெல்லாம் கரி, பாத்திரமெல்லாம் கரி. முத்தம்மா என்கிற ஆயா ஒரு கிழவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "தொற வாயை! இன்னா, ஊட்டு மாப்ளயா நீ? வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பாத்திரம் தேய்க்கத் தெரியாதவர்கள் நோயாளியை எப்படிக் குளிப்பாட்டுவார்கள் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.

மூன்றாவது, அடையாற்றில் ஆற்றோரம் உள்ள பங்களா. காற்று பிய்த்துக்கொண்டு போனது. தோட்டத்தில் பதுங்கு குழி வெட்டி, வாளிகளில் மணல் நிரப்பி வைத்திருந்தார்கள். படுக்கை விரிப்பு மல்லிகைப்பூ நிறம். மேனேஜர் மாணிக்கவாசகம் என்பவர் சமையலறை வரை கூட்டிப்போய்க் காட்டினார். அலமாரி நிறையப் பித்தளைப் பாத்திரம். உள்ளே ஈயம் புதுசு, வெளியே என் முகம் தெரிந்தது. எங்கள் கடையில்கூட அப்படிப் பளபளப்பு கிடையாது. "யாரு அய்யா ஈயம் பூசுனது? அந்தக் கையிலே தங்கக் காப்பு போடலாம்" என்றுகூடச் சொன்னேன். மேனேஜர் பூரித்துப்போனார். சமையல் இத்தனை சுத்தமாக இருந்தால் மற்றதைக் கேட்க வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் மைனியைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கஞ்சி மட்டும்தான், இந்தச் செம்பில்தான் என்று மேனேஜரிடம் விளக்கமாகச் சொன்னேன். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா, நீங்க நிம்மதியா போங்க" என்றார். நான் கிளம்பும்போது மைனி இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன். "ஊருக்குப் போய்ப் பிள்ளையளைப் பாத்துட்டு ஓடியாந்துருவேன் மைனி" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

அதன் பிறகு சரக்கைப் பரணில் ஏற்றுவதும், டிக்கெட்டுக்காக எழும்பூருக்கு அலைவதுமாக இருந்தேன். நடுவில் சாயங்காலங்களில் போய்ப் பார்த்தபோதெல்லாம் மைனி தூங்குகிறார், எழுப்பக் கூடாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்த அலமாரியை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசியில் டிக்கெட் கிடைத்தது. அன்று ராத்திரி வண்டி. சொல்லிக்கொண்டு போகலாம் என்று மத்தியானமே மெஹபூப் பாஷா என்பவரின் கை ரிக்ஷாவில் அடையாறு போனேன். அவர் எங்கள் கடைக்குச் சரக்கு இழுக்கிறவர். வழக்கமாக நான் வராத நேரம் என்பதால் வாசலில் தடுக்க யாரும் இல்லை.

மைனியின் உதடு வெடித்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விரிப்பு மட்டும் அதே வெள்ளை. பக்கத்தில் ஒரு தட்டில் காய்ந்த ரொட்டித் துண்டு, எறும்பு மொய்த்திருந்தது. என்னைக் கண்டதும் மைனி இடது கையால் செம்பை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டினார். நிறுத்தாமல் தட்டினார். செம்பு காலி.

நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். அலமாரி முதல் நாள் பார்த்ததுபோலவே மின்னியது. ஒரு உருளியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நெருப்புப் பட்ட அடையாளமே இல்லை. இன்னொன்றைப் பார்த்தேன். அதுவும் அப்படியே. அடுப்பில் சாம்பல்கூட இல்லை, பூனை படுத்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைத் தட்டில் விற்காமல் கிடக்கிற பாத்திரம்தான் அப்படி மின்னும். சமைக்கிற வீட்டுப் பாத்திரம் எத்தனை தேய்த்தாலும் அடி கறுத்துத்தான் இருக்கும். பாத்திரம் விற்றே சாப்பிடுகிற எனக்கு இது தெரியாதா? கடைக்காரியின் கண்ணோடு பளபளப்பைப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பார்க்காமல் வந்திருக்கிறேன். மைனிக்குப் பேச்சு இருந்திருந்தால், "ஏட்டி, அடியைத் திருப்பிப் பாத்தியாட்டீ?" என்று முதல் நாளே கேட்டிருப்பார்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "என்னவே, அடுப்புல பூனை தூங்குது?" என்று கேட்டேன்.

"சமையல்காரன் ஊருக்கு ஓடிட்டான்மா. டாக்டரும் கோயமுத்தூர் போயிட்டார். இருக்கறவங்களுக்கு ரொட்டியும் பாலும் கொடுத்துக்கிட்டுதான் இருக்கோம். உங்க பேஷண்ட்தான் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

"மெல்ல முடியாத மனுஷிக்கு ரொட்டியா? நான் வந்து பாக்கும்போது சமையல்காரன் இருந்தானா, இல்லையா?"

அவர் உருளியை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தார்.

மைனியைக் கூட்டிப்போகிறேன் என்றேன். டாக்டர் கையெழுத்து இல்லாமல் யாரையும் வெளியே விட முடியாது, சட்டம் அப்படி என்று சொல்லிப் போய்க் கேட்டைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொடுக்கச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். இதைப் புகாரில் எழுதவில்லை. கும்பிட்டும் கொடுக்காததால், கிளம்புவதற்காகக் கையில் எடுத்திருந்த மைனியின் செம்பால் அவரை அடித்தேன். இரும்பு உலக்கை என்று எழுதியிருப்பது பொய். தலையில் என்பதும் பொய், தோளில்தான் பட்டது. சாவி கீழே விழுந்தது. நான் எடுத்துக் கேட்டைத் திறந்தேன்.

மெஹபூப் பாஷா உள்ளே வந்து மைனியைத் தூக்கினார். அவர் யாரையும் தொடவில்லை, அடிக்கவில்லை. நான் கூப்பிட்டதால் வந்தார். அவர்மேல் வழக்கு வைத்தால் அது அநியாயம். தூக்கும்போது, "இன்னாம்மா இது, ஆளு கனமே இல்ல. தலையணை தூக்குறாப்புல கீது" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன்.

எங்கே போவது என்று அவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று வந்தது மயிலாப்பூர் கரிச் சுவர்தான். பாலத்தைத் தாண்டிச் சாந்தோம் வழியாகப் போனோம். எதிரில் வண்டி வண்டியாக ஜனங்கள் சாமானோடு போனார்கள். மைனியின் தலை என் மடியில் இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று மூக்கின் அருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மயிலாப்பூர்க்காரர்களும் ஓடியிருந்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே போனேன்.

சந்து திரும்பும்போதே புகை தெரிந்தது. அந்தப் புகையைப் பார்த்து நான் கும்பிட்டேன்.

முத்தம்மா வாசலுக்கு வந்து, "அன்னிக்கு மூக்கப் பொத்திக்கினு போனவதானே நீ?" என்றாள். ஆமாம் என்றேன். மைனியின் முகத்தைப் பார்த்தாள். "மொதல்ல கஞ்சி. அப்பால பேசிக்கலாம்" என்று உள்ளே போனாள். நீங்கள் மட்டும் ஏன் ஓடவில்லை என்று கேட்டேன். "எங்க ஓடறது? எனுக்கு இன்னா வேற ஊரா கீது?" என்றாள்.

கரிப்பிடித்த சட்டியிலிருந்து கஞ்சியை மைனியின் செம்பில் ஊற்றி, ஆற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். மைனி குடித்தார். நெஞ்சு வழியாக இறங்குவது எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி வண்டி நான் இல்லாமல் போனது. டிக்கெட் என் இடுப்பிலேயே இருக்கிறது.

இன்று காலையில் கான்ஸ்டபிள் வந்து என்னையும் செம்பையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். டாக்டர் கோயமுத்தூரிலிருந்து திரும்பும்வரை மைனியை அடையாற்றில் திரும்ப ஒப்படைத்தால் புகாரை வாபஸ் வாங்குவதாக மேனேஜர் சொல்கிறார். சம்மதமா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். சம்மதமில்லை. என்னை உள்ளே வைக்க வேண்டுமானால் வையுங்கள். மைனி அந்த அடுப்புள்ள வீட்டில்தான் இருப்பார். என் பிள்ளைகளுக்கு அப்பா இருக்கிறார், மைனிக்கு இப்போது நான்தான் இருக்கிறேன்.

சாட்சிப் பொருள் என்று மேசைமேல் வைத்திருக்கும் செம்பின் நெளிவு மேனேஜர் தோளில் பட்டு வந்ததல்ல. அது பழைய நெளிவு. அதன் அடியைத் திருப்பிப் பார்க்கும்படி சப்-இன்ஸ்பெக்டரைக் கேட்டுக்கொண்டேன். பார்த்தார். கறுப்பாக இருக்கிறது என்றார். கை விழும்வரை தினமும் விடியற்காலையில் மைனி அதை நெருப்பில் வைத்துச் சுக்கு வெந்நீர் போடுவார் என்று சொன்னேன். அந்தச் செம்பு இல்லாமல் அவர் காலையிலிருந்து எதுவும் குடித்திருக்கமாட்டார். அது மயிலாப்பூர் போய்ச் சேரும்வரை நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் அதைக் கான்ஸ்டபிள் கனகராஜ் என்பவரிடம் கொடுத்துச் சைக்கிளில் அனுப்பினார். மைனி குடித்ததும் சாட்சிப் பொருளைத் திரும்பக் கொண்டுவர உத்தரவு.

கான்ஸ்டபிள் வெறுங்கையோடு திரும்பி வந்தார். குடித்தாரா என்று நான்தான் முதலில் கேட்டேன்.

"குடிச்சாங்கம்மா. ரெண்டு தபா ஊத்தச் சொல்லிக் குடிச்சாங்க" என்றார். பிறகு சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "சார், செம்பத் திருப்பி வாங்கலாம்னு பாத்தா அந்தம்மா வுடல சார். ஒத்தக் கைதான், இன்னா புடி!" என்றார்.

இதுவரை எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடிதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) சு. புஷ்பம்