விரட்டாத கணக்கப்பிள்ளை

தலவாக்கலையில் ஹட்டன் பஸ் ஏறினேன். முன் சீட்டில், வேறு வேறு தேயிலைத் தோட்டங்களில் ஆட்களை வேலை வாங்கும் இரண்டு கணக்கப்பிள்ளைகள்.

"மூணு மாசமா, காலையில ஆளெடுக்கிற பெரட்டுல லேட்டுன்னு நான் யாரையும் வெரட்டல. எல்லாரும் எனக்கு முந்தி வந்து நிக்கிறாங்க."

"மந்திரம் போட்டியா?"

"ஒரு நா லேட்டா வந்த, கொழுந்து பறிக்கிற காளியம்மாவத் திருப்பி அனுப்பாம, ஏன்னு கேட்டேன். பெரட்டுக்குப் பொறகுதான் புள்ளைகளப் பாத்துக்கிற பிள்ளைக் காம்பராவத் தொறக்கிறாங்க, கைப்புள்ளைய எங்க விடுறதுன்னுச்சு. தொரைகிட்டப் பேசி முந்தியே தொறக்க வச்சேன்."

"அவ்வளவுதானா?"

"நேத்து நான் லேட்டு. காளியம்மா ஏங்கய்யான்னு கேட்டுச்சு. வீட்டுக்காரிக்குக் காய்ச்சல்னேன். 'போய்ப் பாருங்க, மலையில வேலைய நாங்க பாத்துக்கிறோம்'னுச்சு. சாயந்தரம் கொழுந்த நிறுத்துப் பாத்தா, எங்க மலைதான் மொதல்."



"எங்க தோட்டத்துல பிள்ளைக் காம்பராவ எத்தன மணிக்குத் தொறக்கிறாங்கன்னே எனக்குத் தெரியாதுப்பா" என்றார் மற்றவர்.