பெட்டி இல்லாமல் ஓடிய எட்டு

“மீன்பெட்டியைத் திரும்பப் பைக்கில பூட்டுங்கோ. பெட்டி இல்லாமல் எனக்கு பைக் ஓட ஏலாது.”

திருகோணமலையில் லைசன்ஸ் சோதனைக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற இறக்கக்கண்டி மீன்காரப் பெண் புருசனிடம் இப்படிச் சொன்னாள்.

“சோதனையில பெட்டி விடமாட்டாங்களப்பா.”

“பெட்டியோடதானே என்னைப் பழக்கினனீங்கள்? இப்ப பாரமில்லாமல் பைக் ஆடுது. பெயிலானால் திரும்பவும் பஸ்தான். மீன் மணக்குதெண்டு அவங்கள் ஏத்தமாட்டாங்கள்.”

அவள் முறை வந்தது. கால் ஊன்றாமல் எட்டு வடிவில் ஓட வேண்டும்.

“பின்னால ஒரு பெட்டி பாரை மீன் இருக்கெண்டு நினைச்சு ஓடு!” என்று புருசன் கத்தினார்.

ஆடாமல் வளைத்து முடித்தாள். பாஸ். வரிசை முழுக்கக் கைதட்டினோம்.

“பார்த்தியே, பாரை வேலை செய்திட்டுது.”

“பாரையை ஆர் நினைச்சது? நீங்கள் பின்னால இருக்கிறீங்களெண்டு நினைச்சனான். விழுத்த ஏலாதெல்லோ.”