பொலோஞ்ஞாச் சுவரும் எங்கள் பலகைகளும்

மேடையில் வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய நவரட்ணம் அண்ணை அவர்களே, ஆசிரியை யூஜினி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி புனிதவதி சச்சிதானந்தன் அவர்களே, மகள் மயூரி, ஒஷாவாவிலிருந்தும் பிறம்ரனிலிருந்தும் வேலை விட்ட கையோடு ஓடி வந்திருக்கும் அன்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்தச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தலைவர் என்ற முறையில் இரங்கல் உரை ஆற்ற எழுந்திருக்கிறேன். ஆனால் அழுது பேச எனக்கு மனம் வரவில்லை. கட்டடக் கலைஞர் சச்சிதானந்தன் இவ்வளவு விரைவில் போயிருக்க வேண்டாம். அது பெருந்துயரம். என்றாலும் அவரோடு பழகிய ஆண்டுகளை நினைக்கும்போது என் மனம் நிறைந்து போகிறது. அந்த நிறைவைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. இந்த மண்டபத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டவேண்டும் என்று ஒரு கிழமையாகப் பலரும் கேட்கிறீர்கள். அதற்கும் இன்று பதில் சொல்லியாகவேண்டும்.

யார் இந்தச் சச்சிதானந்தன்? பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் வேலை பழகுவதற்காக இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்துக்குப் போனவர். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊர் திரும்ப வழியில்லாமல் கனடா வந்தவர். மார்க்கம் நகரில் ஒரு அலுவலகத்தில் பகல் முழுவதும் கார் தரிப்பிடங்களுக்கு வரைபடம் கீறியவர். பின்னேரம் ஆனால், ஸ்லைட் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் செயற்குழுக் கூட்டத்துக்கு வந்து, கேட்டாலும் கேட்காவிட்டாலும் பொலோஞ்ஞா காட்டியவர்.

எத்தனை படங்கள் காட்டினார். வீதியோரம் முழுக்கத் தூண்கள், தூண்களுக்கு மேலே வீடுகள். அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஐரோப்பாவிலேயே மிகப் பழையது. வெளியூர் மாணவர்கள் வந்து குவியக் குவிய இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மேல்மாடியை வீதிப் பக்கம் நீட்டி அறை கட்டினார்கள். கீழே நடப்பவருக்கு நிழல் கிடைத்தது. "பனி கொட்டுற இந்த ஊரில ஒரு வீட்டுக்காரனாவது ரோட்டால போறவனுக்குக் கூரை விட்டிருக்கிறானோ?" என்று சச்சி கேட்பார். பஸ்ஸுக்கு நின்று விறைத்துப் போய் வந்த நாங்கள் கையைத் தேய்த்துக்கொண்டு அடுத்த படத்தைப் பார்ப்போம்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். நடுவில் முற்றம், சுற்றிவரத் தூண்கள். சட்டம் படிப்பவருக்கு ஒரு படிக்கட்டு, மருத்துவமும் கலையும் படிப்பவருக்கு வேறொரு படிக்கட்டு. சுவர் முழுக்க, கூரை வரைக்கும், அங்கே படித்த மாணவர்களின் குடும்பச் சின்னங்கள். சிங்கம், கோபுரம், மரம், மீன் என்று ஆயிரக்கணக்கில் தீட்டி வைத்திருக்கிறார்கள். இந்தச் சுவரைக் காட்டும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

கம்பளக் கிடங்காக இருந்த இந்த இடத்தை வாடகைக்கு எடுத்துப் பள்ளிக்கூடமாக மாற்றியபோது வரைபடம் முழுவதும் அவருடையது. சண்டை வந்தது வாசல் சுவரில். நமக்குத்தான் உபயம் என்றால் உயிராயிற்றே. கதவுக்கு ஒருவர், மின்விசிறிக்கு ஒருவர். தண்ணீர்க் குழாய்க்குக்கூட ஒருவர் பெயர் போடச் சொன்னார். யார் என்று சொல்லமாட்டேன், இரண்டாம் வரிசையில் இருந்து சிரிக்கிறார். மேடையைச் செய்து தர முன்வந்த நவரட்ணம் அண்ணை, தன் தாயாரின் பெயரை வாசல் சுவரில் கறுப்புக் கல்லில் வெட்டவேண்டும் என்றார்.

சச்சி எழுந்தார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. வாசல் சுவர் பிள்ளையளுக்கு. பெரியாக்களின்ர பேர் அதில வரக்கூடாது."

"உதவி செய்யிறவனுக்கு ஒரு மரியாதை இல்லையோ?" அண்ணையும் எழுந்துவிட்டார்.

சச்சி புரொஜெக்டரைப் போட்டார். அந்தப் பொலோஞ்ஞாச் சுவர் வந்தது. அண்ணை விடவில்லை. "கட்டினவன்ர பேர் எங்க?"

"அதுவும் இருக்கு அண்ணை. ஆனா ஆர் அண்ணாந்து பாத்தாலும் கண்ணில படுறது படிச்ச பிள்ளையளின்ர சின்னம்தான்."

அண்ணை சால்வையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். மேடை இல்லாமல் பள்ளி திறந்தோம். ஆளுக்கொரு சிறு பலகை கொடுத்து, உங்கள் குடும்பச் சின்னத்தை வரையுங்கள் என்று யூஜினி ரீச்சர் பிள்ளைகளிடம் சொன்னார். ஒருவன் பனி அள்ளும் சவளை வரைந்தான். ஒருத்தி அப்பாவின் பீட்சாப் பெட்டியை வரைந்தாள். அண்ணையின் பேத்தி நிலாணி ஒரு பெரிய மீசையை வரைந்து, "இதுதான் ரீச்சர் எங்கட ஃபமிலி" என்றாள். பேத்தியைக் கூட்டிப் போக வந்த அண்ணை, வாசல் சுவரில் சச்சி பூட்டியிருந்த பலகைகளைப் பார்த்தார். தன் மீசையைத் தடவினார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அடுத்த கிழமை மேடைக்கு மரம் வந்து இறங்கியது, கல் வரவில்லை.

சுவரிலேயே கீறாமல் பலகைகளை ஏன் திருகாணியால் பூட்டினார்? நானே கேட்டேன். அந்தப் பொலோஞ்ஞாக் கட்டடத்திலும் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்ததாம். மரத்தாலான பழைய உடற்கூற்று மண்டபம் நொறுங்கிப் போனதாம். துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்துத் திரும்பக் கட்டினார்களாம். "நாங்கள் வாடகைக்கு இருக்கிறம். எழும்பச் சொன்னா, கழட்டிக்கொண்டு போவம்" என்றார். ஓடி வந்த நமக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடக்கலை உண்டா?

அன்பர்களே, இப்போது பெயர் விடயத்துக்கு வருகிறேன். வாசலில் பொன்னெழுத்தில் சச்சியின் பெயர் வரவேண்டும் என்று எல்லோரையும்விட உரத்துக் கேட்டவர் யார் தெரியுமா? நவரட்ணம் அண்ணைதான். அன்று தாயாருக்காகக் கேட்டதைவிட உரத்துக் கேட்டார். நேற்றுப் புனிதவதி அக்காவின் வீட்டில் வைத்து மெல்லச் சொன்னேன். "அண்ணை, அந்தாள் சம்மதிச்சிருக்குமோ?"

அண்ணைக்குக் கண் கலங்கியிருந்தது. "அப்ப அவனுக்கு நாங்கள் என்னத்தைத்தான் செய்யிறது?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொன்னவர் புனிதவதி அக்கா. "செப்டெம்பரில புதுப் பிள்ளையள் வருவினம். இவர்தான் கராஜுக்குள்ள நிண்டு பலகை அறுத்துத் தேய்ச்சுக் குடுக்கிறவர். இனி அதுக்கு ஆளில்லை."

ஆகவே இந்தச் சபையின் முன் உறுதி கூறுகிறேன். இந்த மண்டபத்துக்குச் சச்சிதானந்தன் பெயர் சூட்டப்படமாட்டாது. வாசல் சுவர் பிள்ளைகளுடையதாகவே இருக்கும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அந்தச் சுவர் நம்மோடு வரும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பலகை தயாராக இருக்கும். யார் அறுப்பது என்று யோசிக்கிறீர்களா? இந்த மேடைக்கு ஏறும்போது அண்ணை என் காதுக்குள் சொன்னதை அப்படியே சொல்லி அமர்கிறேன்.

"பலகை நான் அறுக்கிறன். பேர் போட வேண்டாம்."