இந்த ஒரு வீட்டுக்கு மட்டும்

— மூச்சை இழுத்து விடுங்க, ராக்கப்பன் ஐயா. ம், சளியே இல்ல. எந்திரிச்சு உக்காருங்க.

— உக்காந்தா கிறுகிறுன்னு வருது டாக்டரய்யா. அடுத்த வாரமும் ஒரு நடை வந்துட்டுப் போயிருங்க.

— வீடு வீடாப் போறதை நான் விட்டு வருசமாச்சு ஐயா. சீசன் வந்துட்டா பட்டாசுக் கம்பெனியில இருந்து வெந்துபோன உடம்போட ஆளைத் தூக்கியாராக. அந்நேரம் நான் சிவகாசியில இருக்கணும்ல? வயசானவங்களை எல்லாம் பஸ்லதான் வரச் சொல்லுதேன்.

— தெரியும்யா. வில்வண்டியில வந்த காலத்துல ஏழாயிரம்பண்ணைக்கு எம்புட்டு டாக்டருக வந்தாக! இப்பம் காரு இருக்கு, வாரதுக்கு ஆளில்ல. எங்க வீட்டுக்கு மட்டும் தட்டாம வாரீக.

— கொல்லையில அம்புட்டு விறகையும் பொளந்து அடுக்கினது யாரு? கிறுகிறுப்பு வந்தவரா?

— கதவைச் சாத்துங்க. எம் பொண்டாட்டி காதுல விழுந்துரப்படாது.

— சாத்தியாச்சு. சொல்லுங்க.

— எனக்கு ஒரு நோவும் இல்லய்யா. முத்துமாரிக்குத்தான். தூக்கத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டு முனங்குதா. கேட்டா சூடுங்கா. ஆஸ்பத்திரிக்கு வான்னா, ஆம்பளைகிட்ட உடம்பைக் காட்டவான்னு சண்டைக்கு வாரா. அதான் நான் படுத்துக்கிட்டேன். என்னைப் பாக்க வாரப்ப அவளையும் ஒரு பார்வை பாத்துருவீகள்லா?

— பாத்தாச்சு ஐயா.

— மொகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சீகளா? என்ன சீக்கு? ஏன்யா, என்னைப் பாத்துச் சொல்லுங்க.

— சொல்லக்கூடாதுன்னு உங்க வீட்டம்மா சத்தியம் வாங்கியிருக்காக. இனிமே மறைக்கிறது பாவம். மார்ல கட்டி. மதுரைக்குக் கொண்டுபோய் அறுக்கிற கட்டமும் தாண்டிருச்சு.

— எங்கிட்டயே காட்டாதவ... எப்பம்யா பாத்தீக?

— எங்கூட வார நர்சம்மாதான் பாத்தாக. ஊசியை வெந்நீர்ல போடன்னு அடுப்படிக்குப் போறாகல்ல? அங்கன வச்சுத்தான் அம்மாவுக்கு வலிக்கு ஊசி. நான் இம்புட்டு நாளும் வந்தது அதுக்குத்தான்.

— ஐயோ மாரி... நான் பொய்யாப் படுத்தது தெரிஞ்சா என்ன நினைப்பா?

— அம்மாவுக்கு மொத நாளே தெரியும் ஐயா. "கண்டுக்கிடாதீக டாக்டர், அவுக படுத்தே கெடக்கட்டும். அப்பமாவது காடுகரைன்னு ஓடாம எம் பக்கத்துல இருப்பாக"ன்னாக.