கார்னியின் மூச்சுக்காக

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் வெங்காயம் வதக்கினாலும் எனக்குத் தெரிந்துவிடும். முட்டைக்கோஸ் சூப் என்றால் முதல் மாடி ஷீலா. ரொட்டி கருகினால் எதிர்வீட்டுப் பையன். பெரிய படிப்புப் படிக்கிறான், ஒரு ரொட்டி சுடத் தெரியாது. என் மூக்கு அப்படி. நீங்கள்கூட இந்த அறைக்குள் வருவதற்கு முன்னால் ஆரஞ்சு உரித்திருக்கிறீர்கள், சரிதானே ஆபீசர்? அதில் தப்பொன்றும் இல்லை. பழம் சாப்பிடுவது நல்லதுதான்.

என் பெயர் எர்னா தீசன். என் கணவர் கார்னி. வாழ்நாள் முழுக்கக் கோதுமை லாரி ஓட்டினார், ஓட்டிய நேரமெல்லாம் புகைத்தார். கடைசியில் டாக்டர் அவருடைய நெஞ்சுப் படத்தைக் காட்டியபோது அதில் பார்க்க அதிகம் மிச்சமில்லை. இப்போது எங்கள் வரவேற்பறையில் ஓர் ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது. அதிலிருந்து ஒரு நீளக் குழாய் அவர் மூக்குவரை போகிறது. குழாய் குளியலறைவரை எட்டும், சமையலறை ஜன்னல்வரை எட்டாது. அவர் உலகம் அவ்வளவுதான். அந்த உலகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என் வேலை.

எங்களுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் ஜினெட் இருந்தாள். எங்கள் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரி, என் வயதுதான், இடுப்பு எலும்பு மாற்றியவள். சத்தமாகச் சிரிப்பாள். பழகிய மறுநாளே என்னை "என்னடி எர்னா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. சொல்லவும் இல்லை, சண்டை போடுவது என் சுபாவம் கிடையாது. கட்டடத்தில் புதிதாகக் குடிவருகிறவர்கள் புகைக்கக் கூடாது, ஆனால் பழைய ஆட்கள் அவரவர் வீட்டுக்குள் புகைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஜினெட் பழைய ஆள். அவள் சிகரெட்டைப் பற்றவைத்தால் எங்கள் வீட்டு ஹீட்டர் குழாய் ஓரமாக, ப்ளக் பாயிண்ட் ஓட்டை வழியாக, குளியலறைக் காற்றாடி வழியாக அது மேலே வரும்.

நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். குழாய் இடுக்குகளை வெள்ளித்தாள் டேப்பால் அடைத்தேன். ப்ளக் பாயிண்ட்களைக் கழற்றி உள்ளே பஞ்சு வைத்தேன். கதவடியில் ஈரத்துண்டு போட்டேன். கார்னிக்கு இதெல்லாம் வேடிக்கை.

"விடு எர்னா. ஓசியில ஒரு இழுப்பு கிடைக்குது, அதையும் கெடுக்குறியா?" என்பார். சிரிப்பார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். இருமல் வந்தால் பேசின் பிடிப்பது யார்? நான்தான்.

போன கோடையில் ருபார்ப் கேக் செய்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். தன்மையாகத்தான் பேசினேன். மேலே ஒருவர் மூச்சுக்குத் திணறுகிறார் என்று மட்டும் சொன்னேன். ஜினெட் கையிலிருந்த சிகரெட்டை அப்படியே காபிக் கோப்பைக்குள் போட்டுவிட்டாள்.

"அடிப்பாவி, கார்னிக்கா? ஏண்டி இத்தனை நாள் வாயத் திறக்கல? நான் ஒரு மண்டு, மேல ஆளு இருக்கே, அந்தப் புகை எங்க போகும்னு யோசிக்கவே இல்ல பாரு. இனிமே வீட்டுக்குள்ள ஒரு குச்சி கிழிச்சேன்னா என் கையை ஒடி."

அன்றிலிருந்து அவள் வெளியே போய்த்தான் புகைத்தாள். பின்கதவுக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில். நின்றபடியே எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கைகாட்டுவாள். கார்னியின் நாற்காலி அப்போது அறை ஓரத்து ஜன்னல் பக்கம் இருந்தது, அவரும் கைகாட்டுவார். அவள் அங்கே ஏதோ கோமாளித்தனம் செய்வாள், இவர் இங்கே சிரிப்பார். நாற்காலியை நான் டிவி பக்கம் நகர்த்தினேன். ஜன்னல் ஓரம் காற்று சிலுசிலுவென்று வரும், அவருக்கு ஆகாது.

அந்தப் பின்கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தானாகச் சாத்திக்கொள்ளும், சாத்தினால் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து திறக்க முடியாது. அதனால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஹாக்கி வட்டு எப்போதும் கிடக்கும். ஐஸில் ஆடுவார்களே, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு. ஒரு நிமிஷம் வெளியே போகிறவர்கள் அதைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார்கள். குப்பை போட, எஞ்சின் உறையாமலிருக்கக் காருக்குக் கரண்ட் வயர் மாட்ட, புகைக்க. கதவில் வட்டு இருந்தால் யாரோ வெளியே இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை யாரும் தொட மாட்டார்கள், சின்னப் பிள்ளைகூடத் தொடாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு புத்தி. ஒரு சிகரெட்தானே, இரண்டு நிமிஷம்தானே என்று எந்தக் குளிரிலும் வீட்டுச் செருப்போடு வெளியே போய் நிற்பார்கள். சாவி, போன் எல்லாம் மேஜைமேல் கிடக்கும். கதவில்தான் வட்டு இருக்கிறதே.

ஜனவரியில் குளிர் இறங்கியது. அந்தக் குளிர் உங்களுக்கும் தெரியும். மூக்குக்குள் முடி உறைகிற குளிர். அதோடு புகையும் திரும்பி வந்தது. மெல்லத்தான் வந்தது, ஆனால் என் மூக்கை ஏமாற்ற முடியாது. படிக்கட்டில் ஜினெட்டைப் பிடித்துக் கேட்டேன்.

"எங்கம்மா சத்தியமா வெளியதாண்டி போறேன்," என்றாள். "இங்க பாரு, காது மடலே செத்துப்போச்சு." தலைத்துண்டை விலக்கிக் காட்டினாள். காது நுனி வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. நான் தலையாட்டினேன். ஒருதடவை வெளியே போய்க் காதைக் காட்டிவிட்டால், பத்துத் தடவை உள்ளே உட்கார்ந்து புகைக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். நியாயமாக யோசித்துப் பாருங்கள், உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார்னிக்கு மோசமான நாள். காலையிலிருந்து உதடு நீலம். மெஷினைக் கூட்டி வைத்தும் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைத்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க அந்த நாற்றம். அவர் செத்துப்போனால் நான் என்ன செய்வேன்? எனக்கு வேறு யாருமில்லை ஆபீசர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த மனிதர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டேதான் நான் தூங்குவேன், எழுந்திருப்பேன்.

சாயங்காலம், இருட்டியிருந்தது, குப்பையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பின்கதவில் வட்டு இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஜினெட் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வீட்டு கவுன், தலைத்துண்டு, காலில் பஞ்சுச் செருப்பு. வாயிலிருந்து புகை போனது, அல்லது மூச்சாகவும் இருக்கலாம், அந்தக் குளிரில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நாங்கள் மெனோனைட் சபைக்காரர்கள். துப்பாக்கி தொடாத கூட்டம். யுத்தத்தின்போது என் அப்பா சண்டைக்குப் போக மாட்டேன் என்று சொல்லி, அதற்குப் பதிலாகக் காட்டில் ரோடு போடப் போனவர். எங்கள் குடும்பத்தில் ஒருவர் இன்னொருவர்மேல் கை ஓங்கியது கிடையாது. நானும் ஓங்கவில்லை. குனிந்தேன். முட்டி வலியோடு குனிந்து வட்டை எடுத்தேன். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து வைக்கக் கூடாது என்று அங்கேயே அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

குப்பைப் பையை அங்கேயே வைத்துவிட்டு லிப்ட்டில் மேலே வந்தேன். சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போகட்டும், யாராவது திறப்பார்கள், கொஞ்சம் புத்தி வரட்டும் என்றுதான் நினைத்தேன். அன்று மத்தியானம் பனி தள்ளும் வண்டி வந்து கட்டடத்தின் ஓரமாக இடுப்புயரத்துக்குப் பனியைக் குவித்துவிட்டுப் போயிருந்தது எனக்குத் தெரியும். அவள் இடுப்பு எப்படிப்பட்டது என்பதும் தெரியும். இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் சமையலறை ஜன்னல் பின்கதவுக்கு நேர் மேலே. கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் கேட்டது.

"யாரோ தட்டுறாங்க எர்னா," என்றார் கார்னி.

"பைப்பு. இந்தக் குளிருக்கு பைப்பு அப்படித்தான் அடிக்கும்."

அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பைப்பு என் பேரச் சொல்லிக் கூப்பிடுமா?"

அவள் கார்னி, கார்னி என்றுதான் கூப்பிட்டாள். என் பெயரை ஒருதடவைகூடச் சொல்லவில்லை. அதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை. நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். கார்னி எழுந்திருக்கப் பார்த்தார். குழாய் எட்டாது, நடந்தால் விழுவார், விழுந்தால் என்னால் தூக்க முடியாது. அவர் தோளில் கையை வைத்து உட்காரவைத்தேன். தட்டும் சத்தம் நிற்கிறவரை கையை எடுக்கவில்லை. அழுத்தினேன் என்று அவர் சொல்கிறார். வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

காலையில் பனி தள்ளுகிறவன் அவளைக் கட்டட மூலையில் பார்த்தான். முன்வாசலுக்குப் பாதி தூரம் வந்திருக்கிறாள். செருப்பு ஒன்று தனியாகக் கிடந்ததாம். வட்டு வழுக்கிக் கதவு சாத்திக்கொண்டது, விபத்து என்று உங்கள் ஆட்களே எழுதிக்கொண்டு போனார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லையே.

அன்று சாயங்காலமே புகை வந்தது.

எப்போதும் வருகிற அதே நேரம், ஹீட்டர் குழாயோரமாக. கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது, அந்த வீட்டுக்காரி பிணவறையில் இருக்கிறாள், புகை வருகிறது. ஒவ்வொரு மாடியாக மோந்துகொண்டே இறங்கினேன். பாய்லர் அறையில் எங்கள் கேர்டேக்கர் மர்வின் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க மிஸஸ் தீசன். வெளிய போகணும்தான். இந்தக் குளிர்ல எவன் போவான்? ஜினெட் ஒருத்திதான் போவா. உள்ள வந்து பிடிம்மான்னு எத்தனையோ தடவ சொன்னேன். வாக்குக் குடுத்திருக்கேன்டா, மேல கார்னி இருக்கார்னு சொல்லுவா." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மேல வாட வருதா? வரும். வெளிய குளிர் ஏற ஏற, கீழ இருக்கிற காத்தெல்லாம் குழாய்ச் சந்து வழியா மேலதான் இழுக்கும்."

ஆக, நான் செய்த தவறு எது என்றால், மாடியைத் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டேன்.

இதை வீட்டுக்கு வந்து கார்னியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிப் பழகிவிட்டது. அவர் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்காகத்தானே அவ வெளிய நின்னா," என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு செலவாயிற்று. "நீ போய் போலீஸ்ல சொல்லு. சொல்லிட்டு வா. அப்புறம் மாட்டிக்கிறேன்."

"பைத்தியமா உங்களுக்கு? நான் உள்ள போயிட்டா உங்கள யார் பாப்பாங்க?"

"இதுக்குப் பேரு பாக்குறதா எர்னா?"

வயதானவர், மனசு குழம்பிப் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் மாட்டுவேன், அவர் கழற்றுவார். சாப்பிட மறுத்தார். தூங்கிய பிறகு மாட்டினால், விழித்ததும் பிடுங்கி எறிந்தார். உதடு மறுபடி நீலமாயிற்று. அவரை அப்படியே போக விடச் சொல்கிறீர்களா? எந்த மனைவி விடுவாள்? வேறு வழியில்லாமல் கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். கயிறெல்லாம் இல்லை, பழைய பிளானல் போர்வையைக் கிழித்து, தோல் உரசாதபடி மிருதுவாகத்தான் கட்டினேன். குழாய் நழுவாமல் இருக்க டேப் ஒட்டினேன். ஹீட்டர் குழாய்ச் சந்தை அடைக்க வாங்கியதில் மிச்சம் இருந்தது. கத்தினால் மூச்சு வீணாகும் என்பதால் வாயையும் ஒட்டவேண்டியதாயிற்று.

நேற்றே இங்கே வந்திருப்பேன், பனிப்புயலில் பஸ் ஓடவில்லை. எனக்காக வரவில்லை ஆபீசர், தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வட்டை எடுத்தது நான். தட்டியது கேட்டது. திறக்கவில்லை. அவ்வளவுதான், சொல்லிவிட்டேன். அவர் கேட்டது இதைத்தானே. நீங்கள் ஒரு வார்த்தை வந்து, உங்கள் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று அவரிடம் சொன்னால் போதும், கட்டை அவிழ்த்துவிடலாம். என்னை நம்பமாட்டார், சீருடையில் ஒருவர் சொன்னால் நம்புவார்.

நேரமாகிறது, மெஷினுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். அவசரம் ஒன்றுமில்லை, நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டே வாருங்கள், ஏன் இப்படி ஓடுகிறீர்கள்? நேற்று மத்தியானத்திலிருந்து அவர் அமைதியாகிவிட்டார். திமிறுவதில்லை, இருமல்கூட நின்றுவிட்டது. காலையில் கிளம்பும்போது தொட்டுப் பார்த்தேன், கை சில்லென்று இருந்தது, கம்பளிக் கையுறை மாட்டிவிட்டுத்தான் வந்தேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சிரமமில்லாமல் அவர் மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை.